இரண்டு விரற்கடை தாழ்த்திய வண்டி

மோட்டார் சைக்கிள் மெக்கானிக்குக்கு வண்டி கடைக்குள் நிற்கும்வரை ஒரு கவலையும் கிடையாது. சரியாகிவிட்டது என்று சொல்லித் தள்ளிக் கொடுத்த நிமிஷத்திலிருந்துதான் வயிறு கலங்க ஆரம்பிக்கும். தையல்காரர், கொத்தனார், பல் பிடுங்குகிறவர் என்று, தன் கை பட்ட ஒன்றை இன்னொருவர் நம்பி எடுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற எல்லாருக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், வருத்தமில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் சின்ன காஞ்சிபுரத்தில் எனக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. ஒர்க்‌ஷாப் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெஞ்சு, பின்பக்கம் இரும்பு கடைகிற காதர் பாயின் லேத், அவ்வளவுதான். எத்தனையோ வண்டிகள் வந்து போயின. ஆனால் இன்றைக்கும் நினைத்தால் உள்ளங்கை வியர்ப்பது ஒரே ஒரு வண்டியை நினைத்துத்தான்.

தரைக்கும் காலுக்கும் நடுவே

முசரவாக்கத்துக் கன்னியப்பன் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பயிர் வேலையை அண்ணனிடம் விட்டுவிட்டு, பட்டுக் கடைக்காரர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தவன். சுற்றுவட்டாரக் கிராமங்களில் உள்ள தறிகளுக்குப் பட்டும் ஜரிகையும் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்து முடித்த புடவைகளைக் கடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்காக யாரோ வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போன சீமை வண்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தான். ஊர் ஊராகச் சுற்றுவதற்கென்றே செய்த வண்டி. பெரிய டேங்க், அகலமான சீட்டு, எருமை மாதிரி கனம். ஒரு மழை நாளில் கூரத்துக்குப் பக்கத்தில் சேற்றில் நிறுத்தி இடது காலை ஊன்றியிருக்கிறான். ஊன்றிய இடம் பள்ளம். கால் தரையைத் தேடிப் போக, வண்டி அவன் மேலேயே சாய்ந்துவிட்டது. தொடை எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு எல்லாம் ஆனபிறகு பார்த்தால் இடது கால் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது.

கையில் கோலோடு ஒரு நாள் கடைக்கு வந்தான். கூடவே அவன் மனைவி சரோஜா. வண்டியை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். "கால நீட்ட முடியாது, வண்டியத் தாழ்த்த முடியுமாண்ணா?" என்று கேட்டான். நான் குனிந்து வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். இந்தக் காலோடு தறிக்குழியில் இறங்கி மிதித்து நெய்ய முடியாது, சைக்கிளும் மிதிக்க முடியாது, அவன் போகிற ஊர்களுக்கெல்லாம் பஸ்ஸும் கிடையாது. வண்டி இல்லாவிட்டால் வேலை இல்லை. நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு சரோஜா முன்னால் வந்து நின்றாள். சத்தம் போட்டுப் பேசுகிற பெண் இல்லை.

"நீங்க இன்னா வேணா செய்ங்கண்ணா. செஞ்சு முடிச்சப்பறம் நான் ஒரு வாட்டி பின்னால உக்காந்து வூட்டுக்குப் போவேன். போய்ச் சேர்றவரைக்கும் எனக்கு அடிவயிறு கலங்காம இருந்தா வண்டி இருக்கட்டும். கலங்கிச்சுன்னா அன்னிக்கே வித்துடணும்னு இவரு எம்மேல சத்தியம் பண்ணிக்கீறாரு."

ஜோடி சேர்ந்த கதை

வண்டியைத் தாழ்த்துவது என்றால் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கிற ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு, அதைவிடக் குட்டையான ஜோடியை மாட்டுவது. சொல்வதற்கு ஒரு வரிதான். மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய சாமான் குவியல்களைக் கிளறியதில் ஒரு குட்டை ஜோடி அகப்பட்டது. எந்த வண்டியில் இருந்தது என்று விற்றவருக்கே தெரியவில்லை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வரும்போதே சந்தேகம் பிடித்துக்கொண்டது. எலும்பு முறிந்த ஒரு மனிதனைத் திரும்பவும் ரோட்டுக்கு அனுப்ப, பெயர் ஊர் தெரியாத இரண்டு இரும்புத் துண்டை நம்புகிறோமே என்று.

வந்து மாட்டிப் பார்த்தால் துளை பெரிசு, போல்ட்டு சிறிசு. இடைவெளியை அடைக்கக் காதர் பாய் லேத்தில் புஷ், அதாவது இரும்பு வளையம், கடைந்து கொடுத்தார். நான் அதைக் கழற்றி, மாட்டி, ஆட்டிப் பார்த்து, மறுபடியும் கழற்றினேன். பிறகு டீ குடிக்கப் போய்விட்டுப் பாதியிலேயே திரும்பி வந்து இன்னொரு தடவை கழற்றினேன். நாள் முழுக்க இதே கூத்து. வீட்டில் சோற்றில் கை வைத்தால் அந்த போல்ட்டுதான் கண்ணுக்குள் நிற்கும். காதர் பாய் பீடியை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அரே தேவராஜு, இரும்பு ஒடஞ்சா என்கிட்ட வெல்டிங் இருக்குது. நீ ஒடஞ்சுட்டா நான் எங்கப்பா போவேன்?"

குமாஸ்தாவின் முதுகு

நான் அப்போது ஒல்லிக்குச்சி. நான் ஓட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாது. கன்னியப்பன் நல்ல திடகாத்திரமான ஆள், பின்னால் மனைவி வேறு உட்காரப் போகிறாள். அதனால் ஸ்கூட்டரை ரிப்பேருக்கு விட வந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்தேன். அவர் உட்கார்ந்தால் பெஞ்சு முனகும். "கோர்ட்டு வரைக்கும் கொண்டுபோய் விடறேன் சார்" என்று சொல்லிப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். வண்டியைத் தாழ்த்தியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன், பரிசோதனை என்று சொல்லவில்லை.

முதல் பள்ளத்திலேயே ஷாக் முழுக்க அமுங்கி, டயர் மட்கார்டில் போய் உரசி, ஒரு கருகல் வாசனை வந்தது. இரண்டாவது பள்ளத்தில் 'டங்' என்று ஒரு சத்தம். அது வண்டியிலிருந்து வந்ததா குமாஸ்தாவிடமிருந்து வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நல்லவேளை இப்போதே தெரிந்ததே என்ற நிம்மதி ஒரு பக்கம். இது சரோஜா உட்கார்ந்திருக்கும்போது நடந்திருந்தால் என்ற நடுக்கம் மறுபக்கம். பிறகு பழைய ஷாக்கின் தடித்த ஸ்பிரிங்கையே வளையம் குறைத்து இதில் போட்டு, மட்கார்டையும் சற்றுத் தூக்கிக் கட்டினோம். அதெல்லாம் அப்புறம். அன்றைக்குக் கோர்ட்டு வாசலில் இறங்கிய குமாஸ்தா இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிமிராமலே நின்றார்.

"ஏம்ப்பா தேவராஜு, வண்டியைத்தானே தாழ்த்தினதாச் சொன்னே, என்னையும் சேர்த்தா?"

பாவு நீட்டிய தெருவில்

ஸ்பிரிங் சரியானதும் கன்னியப்பனைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினேன். "போற வழியில ஒரு தறிக்காரருக்கு ஜரிகை குடுத்துட்டுப் போயிடலாம்ணா" என்றான். அந்தத் தெருவில் அன்று காலை பாவு நீட்டியிருந்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: புடவைக்கு நீளவாட்டில் போகிற பட்டு இழைகள் அத்தனையையும் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, பிரஷ்ஷால் நீவி விடுவார்கள். காயும்வரை அந்தத் தெருவில் ஆட்கள் மூச்சைக் கூடப் பார்த்துத்தான் விடுவார்கள். கன்னியப்பன் ஜரிகையோடு இறங்கி முன்னால் போனான், நான் ஓரமாக வண்டியைப் பக்க ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு இறங்கினேன்.

வண்டியைத் தாழ்த்தினோம், ஸ்டாண்டைத் தாழ்த்தவில்லை. அது பழைய உயரத்திலேயே இருந்ததால், இடது பக்கம் சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி விறைப்பாக நேரே நின்றது. தெருவும் பாவு இருந்த பக்கம் லேசாகச் சரிவு. நான் நான்கு எட்டு வைத்துத் திரும்பிப் பார்க்கிறேன், வண்டி மெதுவாக வலது பக்கம், பாவின் பக்கம், தலை சாய்க்கிறது. எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. வண்டிக்கும் பாவுக்கும் நடுவே புகுந்து இடுப்பைக் கொடுத்து முட்டு நின்றேன். அந்தக் கனத்தைத் தாங்கத்தான் முடிந்ததே தவிர நிமிர்த்த முடியவில்லை. கன்னியப்பன் கோலை ஊன்றி வருவதற்குள் எனக்கு உயிர் போய்விடும் போலிருந்தது, வந்தாலும் அந்தக் காலோடு அவன் எதைத் தூக்குவான்? முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் யாரோ ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கான பிழைப்பு ஈரத்தோடு மினுங்கிக்கொண்டிருந்தது. கஞ்சி போட்டுக்கொண்டிருந்த தறிக்காரர் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை, ஓடி வரவும் இல்லை. இழையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"வண்டி வுளுந்தா தூக்கிக்கலாம், இளை அறுந்தா ஒண்ணொண்ணாப் பாத்து முடிபோடணும். கஞ்சி காயறவரைக்கும் அசையாத நைனா."

தென்னமர வெளிச்சம்

ஸ்டாண்டை அறுத்துக் குறைத்து மறுபடி வெல்டு வைத்த அன்று சாயங்காலம்தான் கன்னியப்பன் முதன்முதலாகத் தானே வண்டியில் ஏறி உட்கார்ந்தான். இடது காலைக் கீழே விட்டான். கடையின் சிமெண்டுத் தரையில் பாதம் முழுசாகப் படிந்தது. அவன் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சிமெண்டுத் தரையில் சும்மா நிற்கிற வண்டியில் கால் எட்டுவது ஒரு பெரிய காரியமா? ரோட்டில், திடீரென்று, வண்டி சாய்கிற நேரத்தில் எட்ட வேண்டும். அதை எப்படிப் பரிசோதிப்பது? அதற்காக ஒரு மனிதனை விழுந்து காட்டச் சொல்ல முடியுமா?

"ஒரு சுத்து சுத்திட்டு வரேண்ணா" என்று கிளம்பிவிட்டான். இருட்டத் தொடங்கியிருந்தது. நானும் காதர் பாயும் வாசலில் நின்று வண்டிச் சத்தத்தைக் காதால் தொடர்ந்துகொண்டிருந்தோம். சத்தம் நின்றது. எனக்கு மூச்சும் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. திரும்பி வந்தவன் முகத்தில் ஒரே குழப்பம். பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் மூக்கைத் தூக்கும், விளக்கும் கூடவே வானத்தைப் பார்க்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

"ரோடு ஒண்ணியும் தெரியலண்ணா. ஆனா எந்தத் தென்னமரத்துல காய் முத்திக்கினு இருக்குதுன்னு கேளுங்க, சொல்றேன்."

சரோஜா ஏறிய காலை

விளக்கைக் குனிய வைத்தேன். செயினைச் சரி செய்தேன். ஒவ்வொரு நட்டையும் முறுக்கி, முறுக்கியதைத் தொட்டுப் பார்த்தேன். இதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை என்று காதர் பாய் அடித்துச் சொன்னபிறகுதான் சரோஜாவை அழைத்து வரச் சொன்னேன். அவள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கோயிலுக்குப் போய்விட்டு வந்த மாதிரி நெற்றி நிறையக் குங்குமம். பயந்திருக்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. கன்னியப்பனும் பயந்துதான் இருந்தான். அவன் வேலை, அவன் வண்டி, இனிமேல் எழுந்து நடமாடுவதா வீட்டில் முடங்குவதா என்பது எல்லாமே முசரவாக்கம் போய்ச் சேரும்வரை அவளுடைய அடிவயிற்றில்தான் இருந்தது.

சீட்டின் இடது பக்கத்தில், பெண்கள் ஒருபக்கமாக உட்கார்ந்து இரண்டு காலையும் வைத்துக்கொள்ள ஒரு இரும்புத் தகடு உண்டு. வேண்டாதபோது மேலே மடக்கி வைத்திருப்போம். சரோஜா அதைக் காலால் இறக்கி, ஏறி உட்கார்ந்து, பாதங்களை அதில் வைத்து, ஒரு கையால் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது. தெரு முனையில் அவர்கள் இடது பக்கம் திரும்பும்போதுதான் பார்த்தேன். தகட்டின் விளிம்புக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு உள்ளங்கை அகலம்கூட இல்லை.

அத்தனை நாளும் ஓட்டிப் பார்த்தவர்கள், உட்கார்ந்து பார்த்தவர்கள் எல்லாரும் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்த ஆம்பிளைகள். தகடு மடங்கியபடியே இருந்தது. வண்டியோடு அதுவும் தாழ்ந்து போனதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. யாருக்காக இவ்வளவு பரிசோதனையோ, அவள் எப்படி உட்காருவாள் என்பதை மட்டும் விட்டுவிட்டோம். முசரவாக்கம் போகிற வழியில் ஏரிக் கால்வாய் மதகுக்குப் பக்கத்தில் இடது பக்கமாக வெடுக்கென்று ஒரு திருப்பம். அங்கே வண்டியைச் சாய்த்தே ஆக வேண்டும். நான் "நில்லு, நில்லு" என்று கத்திக்கொண்டு ஓடினேன். இன்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கடையிலிருந்த மற்ற வண்டிகள் எல்லாம் பிரித்துப் போட்டுக் கிடந்தன. காதர் பாய் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்.

"கேக்காத, பேசாத, ஏறு. செயின் கயண்டா எறங்கி ஓடு."

மதகுத் திருப்பம்

அந்தச் சைக்கிள் மிதிப்பை நான் யாருக்கும் விவரித்ததில்லை. ஒவ்வொரு மிதிக்கும் மனதில் ஒரு காட்சி வந்தது, எல்லாமே மோசமான காட்சி. ஊரைத் தாண்டினேன். வயல்களுக்கு நடுவே ரோடு நீண்டு கிடந்தது. எதிரே வந்த மாட்டு வண்டிக்காரரிடம் கேட்கலாம் என்று நினைத்து, அவர் என்ன சொல்லிவிடுவாரோ என்று பயந்து கேட்காமலே கடந்தேன். தூரத்தில் மதகு தெரிந்தது. மதகோரத்தில் வண்டி தெரிந்தது. ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். திருப்பத்தில் ரோட்டோரக் கல்லில் புதிதாக ஒரு நீளக் கீறல், வெள்ளையாக. கன்னியப்பன் மதகுச் சுவருக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "சரோஜா எங்கப்பா?" என்றேன். அவன் அதற்குப் பதில் சொல்லாமல் வேறெதையோ சொன்னான். "தகடு கல்லுல மாட்டி இளுத்துச்சுண்ணா. வண்டி அப்படியே சாஞ்சுது, அன்னிக்கி சாஞ்ச மாதிரியே. நான் கால வுட்டேன். எட்டுச்சுண்ணா. தரை இருந்துச்சு." அதைச் சொல்லிவிட்டு அழுதான். நானும் அழுதேன் என்று நினைக்கிறேன். சரோஜா நழுவிக் கீழே இறங்கி நின்றிருக்கிறாள், ஒரு கீறல் இல்லை. இப்போது கால்வாய்க்கு அந்தப் பக்கம் புதர் மறைவுக்குப் போயிருக்கிறாள் என்று கை காட்டினான். "அவ்ளோதாண்ணா, வண்டி போச்சு. அவ மூஞ்சியப் பாக்கறதுக்கே எனக்குத் தைரியம் இல்ல."

நான் அந்தத் தகட்டின் நட்டைக் கழற்ற ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கழற்றி முடிப்பதற்குள் சரோஜா புதருக்குப் பின்னாலிருந்து வந்தாள். புடவையை முழங்காலுக்குத் தூக்கி, கொசுவத்தைக் கால்களுக்கு நடுவே எடுத்துப் பின்னால் இறுக்கிச் செருகியிருந்தாள், நாற்று நட வயலில் இறங்குகிற கட்டு. என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் கூச்சப்பட்டாள். பிறகு நேரே வண்டியிடம் போய், ஆம்பிளை மாதிரி காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தாள். கன்னியப்பன் வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். "ஊர்ல பாப்பாங்களே" என்று மெதுவாகச் சொன்னான். நான், "வேணாம்மா, பஸ்ஸுல போங்க, வண்டியை நான் கொண்டாந்து விடறேன்" என்றேன். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வயல்ல இந்தக் கட்டுல பாக்காத ஊராண்ணா? இவரு கால ஊனினத நான் பாத்துட்டேன். அப்பவும் எனக்கு வயிறு கலங்கிச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒருபக்கமா உக்காந்தா வயலுதான் தெரியுது, ரோடு தெரியல. இன்னா வருதுன்னு தெரியாம பயப்படறதுக்கு, தெரிஞ்சே பயப்பட்டுக்கினு போறேன். விக்க வேணாம், நீ வண்டிய எடுய்யா."

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு எத்தனையோ வண்டியைத் தாழ்த்திக் கொடுத்துவிட்டேன், என் வயிற்றுக் கலக்கத்தைத் தாழ்த்துவதற்குத்தான் இதுவரை எந்தக் கடையிலும் ஒரு ஜோடி அகப்படவில்லை.